கடைசி இரண்டு மீட்டர்

1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியதும் வேதாரண்யம், கோடியக்கரை, ராமேசுவரம் பக்கத்து மொட்டைமாடிகளுக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்துவிட்டது. சென்னைத் தூர்தர்ஷன் எட்டாத கரை அது. கடல் தாண்டி வந்த அலை எட்டியது. ஜி.ஐ. பைப்புகளைக் கூட்டி முப்பது, நாற்பது அடிக்கு உயர்த்தி, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டினார்கள். மாடியில் ஒருவர் பைப்பைத் திருப்புவார். வாசலில் நிற்பவர், “புள்ளி புள்ளியா வருதுண்ணே, இன்னும் கொஞ்சம் தெக்கால” என்று கத்துவார். திருச்சி உறையூரில் இன்று வயர்லெஸ் கருவிகள் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருப்பவர் தொழில் பழகியது அந்த மாடிகளில்தான். பேர் வேண்டாம் என்கிறார். உறையூர்க்காரர் என்றே வைத்துக்கொள்வோம்.

கேபிள் டி.வி. வந்ததும் மாடி வேலை படுத்துவிட்டது. அவர் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. பிரிவு நடத்தும் தேர்வை எழுதி, பொழுதுபோக்காக வானொலியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கு உரிமம் வாங்கினார். கம்பம் மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. பழைய ஜி.ஐ. பைப்பின் இடத்தில் இப்போது இருப்பது நீட்டிச் சுருக்கும் மாஸ்ட். ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய ஆறேழு அலுமினியக் குழாய்கள், ஒவ்வொரு கழுத்திலும் ஒரு கிளாம்ப். சுருக்கினால் ஆள் உயரம்தான், கார் கேரியரில் கட்டிவிடலாம். நீட்டினால் 10 மீட்டர். திருவிழாக் கூட்டத்துக்குத் தற்காலிக ரிப்பீட்டர், ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் ஹாம்கள் கூடும் நாட்கள், வெள்ளம், புயல் என்று எங்கே கூப்பிட்டாலும் அந்தக் கம்பத்தோடு போய் நிற்பார்.

கம்பம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அந்தமான் கதையைச் சொல்வார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட்பிளேரில் நிலையம் வைத்திருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் ஒலிபரப்புக்குப் பல வருடங்களாக அனுமதியே கிடைக்காமல் இருந்து அப்போதுதான் கிடைத்திருந்தது. உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்தத் தீவோடு ஒரு வார்த்தை பேசிவிடக் காத்துக் கிடந்தார்கள். 26ஆம் தேதி காலை சுனாமி. தொலைபேசிகள் விழுந்துவிட்டன. பொழுதுபோக்குக்காகக் கட்டிய ஆன்டெனாக்கள் வழியாக அன்றிலிருந்து உயிரோடு இருப்பவர்களின் செய்தி பெருநிலப்பரப்புக்குப் போக ஆரம்பித்தது. ஹாம்கள் காலர் தூக்கிவிட்டுக்கொள்ளும் கதை இது, அதில் தப்பில்லை. ஆனால் கதையைக் கேட்டுவிட்டுக் கம்பம் வாங்க ஓடுகிற இளவட்டங்களிடம் உறையூர்க்காரர் அடுத்துக் கேட்பது வேறு: “எவ்வளவு ஒசரம் வேணும் தம்பி?”

பத்து பேரில் ஒன்பது பேர், “எவ்வளவு போகுமோ அவ்வளவு” என்பார்கள். அவருக்கு இந்தப் பதில் ஆகாது.

தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவார். வாக்கி டாக்கிகள் வேலை செய்யும் வி.எச்.எஃப். அலைவரிசையில் சமதரையில் அலை எட்டும் தூரத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் என்று தெரியும். 10 மீட்டருக்கு 13 கிலோமீட்டர். 8 மீட்டருக்குப் பதினொன்றரைக்குக் கொஞ்சம் மேலே. 5 மீட்டருக்கு ஒன்பது சொச்சம். பாதி உயரத்துக்கு இறக்கினாலும் தூரம் பாதியாகக் குறைவதில்லை, மூன்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் மாவட்டம் விட்டு மாவட்டம் பேசுகிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். அங்கே அலை செங்குத்தாக மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி மழைபோல் கீழே விழுகிறது. ஆறேழு மீட்டரில் கட்டிய கம்பியே திருச்சியிலிருந்து சென்னைக்கும் நாகர்கோவிலுக்கும் போதும்.

ஆக, கடைசிக் குழாயை நீட்டுவதால் கிடைப்பது ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. அந்தக் குழாய்தான் எல்லாவற்றிலும் ஒல்லி, காற்று பட்டால் முதலில் வளைவது அதுதான். அந்தக் கடைசி இரண்டு மீட்டருக்கு அவர் வைத்த பெயர் ‘ஆசை பைப்’. கடையில் இருக்கும் மாஸ்டில் அது பெரும்பாலும் உள்ளேயே கிடக்கும்.

உயரத்தைக் குறைத்தாலும் தீராத ஆபத்து ஒன்று இருக்கிறது. மின்கம்பி. இந்தத் தொழிலில் கம்பம் முறிந்து செத்தவர்களைவிட, கம்பம் முறியாமல் மின்கம்பியில் போய்ப் பட்டதால் செத்தவர்கள்தான் அவர் கேள்விப்பட்டவரை அதிகம். உதாரணத்துக்கு அவர் வெளிமாநிலம் போக வேண்டியதில்லை. 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கத்துக் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். 2025 மார்ச்சில் குமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழா வேலைக்காக உயரமான இரும்பு ஏணியை நகர்த்தியபோது அது மின்கம்பியில் பட்டு நான்கு பேர் போனார்கள். தேரும் ஏணியும் மாஸ்ட் இல்லைதான். ஆனால் நின்ற இடத்தில் நல்லபடியாக நின்ற உயரமான பொருளை நிமிர்ந்து பார்க்காமல் நகர்த்துவது எல்லாவற்றுக்கும் பொது.

மாஸ்டாலேயே நடந்த விபத்து உலகறிந்தது. 2000 மே 22 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஹாலிவுட் பகுதியில் ஒரு தொலைக்காட்சிச் செய்தி வேன் நேரடி ஒளிபரப்புக்காகத் தன் கூரையிலிருந்த மாஸ்டை உயர்த்தியது. மேலே போன கம்பி 34,500 வோல்ட். மாஸ்ட் அதைத் தொட்டது. பெண் நிருபர் ஒருவர் பலத்த தீக்காயம் பட்டு இடது முன்கையை இழந்தார். நேரடி ஒளிபரப்பு என்றாலே அவசரம், அவசரத்தில் யார் கண்ணும் மேலே போவதில்லை. இந்த விபத்துக்குப் பிறகு அந்நாட்டுச் செய்தி வேன்களின் பாதுகாப்பு பெரிய பேச்சானது.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வயல் நடுவே போகும் உயரழுத்தக் கம்பி பல இடங்களில் 22 கிலோவோல்ட். ‘எச்.டி. லைன்’ என்று எல்லாருக்கும் தெரியும். அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் தெரியாது. வெறும் வானத்தின் முன்னால் தொங்கும் கம்பியின் தூரத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாது என்பது உறையூர்க்காரரின் கட்சி. கம்பிக்கு நேர் கீழே போய் நின்று, அங்கிருந்து கம்பம் நடப்போகும் இடத்துக்கு அடியெடுத்து அளந்துகொண்டு வருவார். கம்பத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரம் இல்லையென்றால் பையைப் பிரிக்கவே மாட்டார். ஒரு மடங்கு போதாதா, விழுந்தாலும் எட்டாதே என்பவர்கள் உண்டு. கம்பத்தோடு ஆன்டெனாக் கம்பியும் சேர்ந்து விழும். 7 மெகாஹெர்ட்ஸ் ஆன்டெனாவின் ஒவ்வொரு கையும் பத்து மீட்டர் நீளம், சாட்டை மாதிரி வீசிக்கொண்டு போகும் என்று பதில் சொல்வார். போதாக்குறைக்கு, நடுப்பகல் வெயிலிலும் லோடு ஏறும் நேரத்திலும் மின்கம்பியே சூட்டில் தொய்ந்து கீழே வரும். காலையில் அளந்த இடைவெளி மத்தியானம் இருக்காது.

“ஃபைபர் கம்பம்தானே அண்ணே, கரண்ட் பாயாதே?” என்று போன வருஷம் ஒரு கல்லூரிப் பையன் கேட்டானாம். கண்ணாடியிழைக் கம்பம் காய்ந்திருக்கும்வரை மின்சாரத்தைக் கடத்தாது, சரி. அதில் கட்டியிருக்கும் செம்புக் கம்பி கடத்துமே! கார்பன் ஃபைபர் கம்பம் என்றால் கம்பமே கடத்தும். இரண்டும் பார்க்க ஒரே கறுப்பு.

இடம் முடிவானதும் கண் தரைக்கு வரும். தரை ஊருக்கு ஊர் குணம் மாறும். காவிரி மணலில் முளை நிற்காது, கரிசலில் காயும்போது நின்று மழை பெய்ததும் இளகும், மலைமேல் பாறையில் இறங்கவே இறங்காது. மாஸ்டின் அடித்தட்டுக்குக் கீழே அவர் எப்போதும் ஒரு பலகைத் துண்டு போடுவார். எடை பரவினால் அடி புதையாது. முளையைக் கடப்பாரைத் துண்டிலோ ஒன்றரை அடி ஆங்கிள் இரும்பிலோ செய்துகொள்வார். அடிக்கும்போது அதன் தலை கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் கயிறு இழுக்க இழுக்கப் பிடி இறுகும்.

மணலுக்கு வைத்தியம் பந்தல்காரர்களிடம் கற்றது. சவுக்கு மரத்தையும் கயிற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு கல்யாண வீட்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரத்தில் ஒரு மண்டபத்தை நிறுத்துகிறவர்கள் அவர்கள். பொறியியல் கல்லூரிகள் அவர்களைக் கூப்பிட்டு ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லலாம், கெட்டுவிடாது. மணல் தரையில் ஒரு சாக்கில் மணலை ரொப்பி, நடுவில் கயிற்றைக் கட்டி, இரண்டு அடிக் குழியில் படுக்கப்போட்டு மூடிவிட்டால் எந்த முளையும் தராத பிடி கிடைக்கும். மேலே உள்ள மணலின் எடை முழுவதையும் தூக்கினால்தான் சாக்கு வெளியே வரும்.

முளைகளின் இடமும் கண்மதிப்பில் கிடையாது. மூன்று பக்கம் கயிறு என்றால் 120 பாகைக்கு ஒன்று, நான்கு என்றால் செங்கோணத்தில். கம்பத்தின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் தள்ளி முளை இருக்க வேண்டும், இடம் இருந்தால் முக்கால் உயரம்வரை தள்ளுவார். கிட்டத்தில் அடித்தால் கயிறு செங்குத்தாகி, கம்பத்தைப் பிடிப்பதற்குப் பதில் கீழே அமுக்கத் தொடங்கிவிடும். கயிற்றை விறைக்க விறைக்க இழுத்துக் கட்டுகிற ஆட்களிடம் அவருக்கு உள்ள சண்டையும் இதுதான். அத்தனை இழுப்பும் குழாயின் தலையில் பாரமாக இறங்கி நடுவில் வளைக்கும். கயிறு தொய்யாமல் இருந்தால் போதும். எல்லாப் பக்கமும் ஒரே இழுப்பு இருக்கிறதா என்பதை விரலால் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

கயிற்றில் நைலானைத் தொடமாட்டார். பாரம் ஏறினால் நீளும், ஈரம் பட்டால் இன்னும் நீளும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள், நீல பிளாஸ்டிக் கயிறு ஒரு கோடை வெயிலில் இழை இழையாக உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கயிறு விலை கூடுதல், அதுதான் வாங்குவார். ஆள் நடக்கும் உயரத்தில் ஒவ்வொரு கயிற்றிலும் சிவப்புத் துணி கட்டுவது தவறாது. கயிறு தெரியாமல் தடுக்கி விழுபவர் தானும் விழுந்து, கம்பத்தையும் சேர்த்து இழுப்பார்.

இதற்கெல்லாம் முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கம்பம் இன்னும் சுருங்கியபடியே நிற்கிறது. உதவிக்கு வந்த பையன்களுக்கு இந்தக் கட்டத்தில்தான் பொறுமை போகும்.

“அண்ணே, தூக்கிடலாமா?”

“இரு. ரசமட்டம் எங்க?”

“கண்ணுக்கு நேராத்தான்ணே இருக்கு.”

“ஒன் கண்ணுக்கு இருக்கு. மேல போனா இருக்காது. எடு.”

இரண்டு பக்கம், செங்கோணத்தில், ரசமட்டத்தை ஒட்டிவைத்துப் பார்ப்பார். அடியில் ஒரு விரல் சாய்ந்தால் உச்சியில் ஒரு முழம் சாயும். எல்லாக் குழாயும் உள்ளே இருக்கும்போதே நேர்ப்படுத்துவது சுலபம். ஏற்றிய பிறகு நேர்ப்படுத்துவதற்கு நாலு ஆட்களும் நாலு வாயும் வேண்டும்.

தூக்கும்போது குரல் ஒன்றுதான். கயிற்றுக்கு ஓர் ஆள், கம்பத்தடியில் ஒருவர், சொல்கிறவர் ஒருவர். ‘ஏத்து’, ‘நிறுத்து’, ‘கட்டு’, இந்த மூன்று வார்த்தைகள் தவிர வேறு கட்டளை கிடையாது. ஆனால் ‘நிறுத்து’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம், வேடிக்கை பார்க்கும் டீக்கடைக்காரர் சொன்னாலும் கை நிற்கும். முதலில் மேலே போவது ஒல்லிக் குழாய், அது முழுதாக நீண்டு கிளாம்ப் இறுகிய பிறகு அடுத்தது. கடைசியாக ஏற்றும் தடிமனான குழாய் மேலே உள்ள எல்லாக் குழாய்களையும் ஆன்டெனாவையும் கேபிளையும் சுமந்துகொண்டு ஏறும், அதனால் கைக்குப் பாரம் கடைசியில்தான் கூடும். பையன்கள் களைத்திருக்கும் நேரமும் அதுவே. அடிக் குழாய்க்கு எப்போதும் ஆள் மாற்றுவார்.

ஒவ்வொரு குழாயின் அடியிலும் சிவப்பு பெயின்ட்டில் ஒரு வளையம் போட்டு வைத்திருக்கிறார். அந்தக் கோடு கழுத்துக்கு மேலே தெரிந்தால் நிறுத்த வேண்டும். அதற்கு மேலே இழுத்தால் உள்ளே இருக்கும் பிடி நீளம் போதாமல் குழாய் ஆடும், சில சமயம் முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடும். தொழிற்சாலையிலேயே தடுப்பு வைத்திருப்பார்களே என்றால், தடுப்பு தேய்ந்த மாஸ்டுகளும் கடைக்கு வருகின்றன என்பார்.

பிறகு விரல். கிளாம்பைத் தளர்த்தியதும் மேலே இருக்கும் குழாய் சரசரவென்று இறங்கும். கழுத்தின் விளிம்பில் விரல் இருந்தால் அலுமினியக் குழாயும் அரிவாள்தான். ஆகவே கையுறை கட்டாயம், குழாயை எப்போதும் கழுத்துக்கு ஒரு சாண் மேலே பிடிக்க வேண்டும், கிளாம்பைத் தொடுகிறவரும் குழாயைப் பிடிக்கிறவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், “பிடிச்சாச்சு” என்று பதில் வராமல் திருகக் கூடாது. மாஸ்டுக்கு நேர் மேலே தலையை நீட்டி உள்ளே எட்டிப் பார்ப்பவர்களை மட்டும் அவர் திட்டியே தள்ளிவிடுவார், மரியாதை பார்ப்பதில்லை.

காற்றழுத்தத்தில் ஏறும் மாஸ்டுகள் விஷயத்தில் இந்தத் திட்டு இன்னும் காரமாகும். கம்ப்ரஸர் போட்டு அழுத்தம் ஏற்றினால் குழாய்கள் தாமாக மேலே போகும். பெரிய வண்டிகளிலும் ராணுவத்திலும் அவைதான். அழுத்தம் கார் டயரில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதால் ஆட்களுக்குப் பயம் வருவதில்லை. அவர் போடும் கணக்கு இது: 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயின் குறுக்குப் பரப்பு 78 சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. ஒன்றரை பார் அழுத்தம் என்றால் அந்தக் குழாயைக் கீழிருந்து தள்ளும் விசை ஏறக்குறைய 120 கிலோ. தூசியோ பள்ளமோ தடுத்து ஒரு குழாய் சிக்கிக்கொண்டதென்று வையுங்கள். ஆள் அவசரப்பட்டு மேலும் காற்றடிப்பார். சிக்கல் விட்ட நொடியில் அத்தனையும் சேர்ந்து அந்தக் குழாயை மேலே உதைக்கும். சிக்கினால் காற்றைத் திறந்துவிட்டு, முழுதும் இறக்கி, துடைத்துவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். இரவு முழுக்க நிற்க வேண்டிய கம்பமானால் காற்றை மட்டும் நம்பாமல் கழுத்துப் பூட்டையும் போட வேண்டும். ரப்பர் சீல் கொஞ்சம் கசிந்தாலும் விடியும்போது ஆன்டெனா பாதி உயரத்தில் இருக்கும்.

வண்டியோடு சேர்ந்த ஒரு கருவி அவருக்கு ரொம்பப் பிடித்தது. இரும்புத் தகட்டின் ஒரு பக்கத்தைக் கார் டயருக்குக் கீழே வைத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்திவிட்டால் மறுபக்கத்துச் சாக்கெட்டில் மாஸ்ட் நிற்கும். காரின் எடையே அடிப்பிடி. தரையில் முளை இறங்காத சிமென்ட் மைதானத்துக்கு அருமை. வில்லங்கமும் அதிலேயே இருக்கிறது. கம்பம் நிற்பதை மறந்து யாராவது வண்டியை எடுத்தால்? அதனால் வண்டிச் சாவியை மாஸ்டின் அடிக் கிளாம்பிலேயே கட்டித் தொங்கவிடுவார். சாவி வேண்டுமென்றால் கம்பத்தடிக்கு வந்துதான் ஆக வேண்டும். வாடகைக்கு வந்த டிரைவர்கள் முறைப்பார்கள், “டீ குடிக்கப் போகணும் சார்” என்று. நடந்து போங்கள் என்பார்.

காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஆடி மாதத்துக்குப் போய்விடுவார். பாலக்காட்டுக் கணவாயிலும் செங்கோட்டையிலும் ஆரல்வாய்மொழியிலும் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, ஆடியில் அம்மியை நகர்த்துகிறதோ இல்லையோ, மாஸ்டை நகர்த்தும். ஆட்களுக்குப் புரியாதது காற்றின் கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. சராசரியாக 6 சென்டிமீட்டர் விட்டமும் 10 மீட்டர் உயரமும் உள்ள வெறும் கம்பத்தை மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று தள்ளும் விசை நாலரைக் கிலோவை ஒட்டி. 72 கிலோமீட்டர் ஆனால் 18 கிலோ. ஆன்டெனாவின் பரப்பை இதில் சேர்க்கவில்லை. காகிதத்தில் 18 கிலோ சின்ன எண்ணாகத் தெரியலாம், அது கம்பத்தின் நடுவயிற்றில், ஐந்து மீட்டர் உயரத்தில் நின்று தள்ளுகிறது. காற்று சீராக வீசினால்கூடச் சமாளிக்கலாம். விட்டு விட்டு அடிக்கும் காற்றுதான் முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கும்.

எந்த வேகத்தில் இறக்குவீர்கள் என்றால் எண் சொல்லமாட்டார். மாஸ்டோடு வந்த கையேட்டில் அதற்கு ஓர் எண் இருக்கிறது, அந்த எண் வரும்வரை தான் காத்திருப்பதில்லை என்பார். புங்க மரத்தின் சின்னக் கிளைகள் முழுசாக ஆட ஆரம்பித்தால் ஒரு குழாய் உள்ளே போகும். முழு மரமும் அசைந்தால் இன்னும் இரண்டு. ஒன்பது கிலோமீட்டர் எட்டினால் இன்றைக்குப் போதாதா என்பதுதான் அவர் பேச்சு. கேட்டவர் பெரும்பாலும் போதும் என்றே சொல்லியிருக்கிறார்.

மின்னலுக்கு இந்தப் பேரமே கிடையாது. சித்திரை, வைகாசியில் ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ மூன்று மணிக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணுவார், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி வந்துவிட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதன்பின் கம்பத்தை இறக்கக்கூட யாரும் பக்கத்தில் போகக் கூடாது. ஆகவே அதற்கு முன்பே இறக்கியாக வேண்டும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ‘தாமினி’ செயலியைப் பையன்களின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் மறுபடி ஏற்றுவதில்லை. பூமியில் இறக்கிய எர்த் ராடு இருக்கிறதே என்று தைரியம் சொல்பவர்களிடம், அது கருவியைக் காக்க உதவும், கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆளை அல்ல என்பார்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை கடந்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்து கிடந்ததை டெல்டாக்காரர்கள் மறக்கமாட்டார்கள். உறையூர்க்காரர் அடுத்த சில நாட்களில் அந்தப் பக்கம் போனார். மற்ற சமயங்களில் டெல்டாவில் ஹாம்களுக்கு மாஸ்டே தேவைப்படாது. கவணில் கல் வைத்துத் தென்னைமேல் நூலை எறிந்து ஆன்டெனாவை இழுத்துவிடுவார்கள். அந்த முறை நூலை எறிய மரமே நிற்கவில்லை.

மாஸ்ட் நட இடம் தேடியதில்தான் பெரிய சிக்கல். மின்கம்பங்கள் மொத்தமாக விழுந்து, கம்பிகள் வயலிலும் ரோட்டிலும் பின்னிக்கிடந்தன. ஊரே இருட்டு, கரண்ட் எங்கே வரப்போகிறது என்று ஆட்கள் கம்பியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள். அவர் தாண்டவில்லை. தெருக்கோடியில் ஒரு வீட்டில் ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், மெயின் ஸ்விட்சை அணைக்காமலே ஜெனரேட்டரை வீட்டு பிளக்கில் சொருகியிருந்தார்கள். அப்படிச் செய்தால் வீட்டு மின்சாரம் வந்த வழியே வெளியே போய், டிரான்ஸ்ஃபார்மரில் தலைகீழாக ஏறி, அறுந்த உயரழுத்தக் கம்பியில் உயிர் வந்துவிடும். வீட்டுக்காரரிடம், “அண்ணாச்சி, மெயினை ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க, லைன்ல வேலை பார்க்கிற பிள்ளைங்க இருக்காங்க” என்று சொல்லி அணைக்கவைத்த பிறகுதான் கம்பத்தை வேறு தெருவில், ஒரு களத்து மேட்டில் நட்டார். அன்று ஏற்றியது ஆறு மீட்டர்தான். 7 மெகாஹெர்ட்ஸில் சென்னை கேட்டது.

கம்பம் மின்கம்பியில் பட்டேவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறார், வெறும் வாயால் அல்ல, மைதானத்தில் நடக்கவைத்தே. கம்பத்தைத் தொட்டுக்கொண்டிருப்பவரைப் பிடித்து இழுக்கக் கூடாது. வண்டிக்குள் இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும், தீப்பிடித்தால் மட்டும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் குதிக்க வேண்டும். தரையில் நிற்பவர் ஓடக் கூடாது. மின்சாரம் தரையில் பரவும்போது கம்பத்திலிருந்து விலக விலக வோல்டேஜ் குறைந்துகொண்டே போகும். எட்டிக் கால் வைத்தால் முன்காலுக்கும் பின்காலுக்கும் உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தால் மின்சாரம் உடம்பு வழியாக ஓடும். பாதத்தோடு பாதம் ஒட்டித் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும். பையன்கள் சிரித்துக்கொண்டே நடந்து பார்ப்பார்கள். சிரிக்கட்டும், கால் பழகினால் சரி.

அடிபடுவது பெரும்பாலும் இறக்கும்போதுதான். வேலை முடிந்த நினைப்பு, பசி, ஊருக்குத் திரும்பும் அவசரம். கயிறுகளை முதலில் அவிழ்த்துவிட்டுப் பிறகு குழாயை இறக்கலாம் என்று ஓர் ஆள் போவார். உறையூர்க்காரர் அதை விடமாட்டார். கயிறு கடைசிவரை ஆளின் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குழாயும் இறங்கும்போது அந்தந்தக் கயிறு தளர வேண்டும், அவிழக் கூடாது. இறக்குவது அடிக் குழாயிலிருந்து, ஏற்றிய வரிசைக்குத் தலைகீழ். இருட்டிவிட்டால் தலையில் கட்டும் டார்ச் இல்லாமல் கிளாம்பைத் தொடக் கூடாது. அந்த வெளிச்சமும் மேலே பார்க்கும்போது எதிரில் நிற்பவர் கண்ணில் அடிக்காத சிவப்பாக இருப்பது நல்லது.

கடைக்கு வந்த மறுநாள் மாஸ்ட் வெயிலில் படுக்கும். கடற்கரை போய் வந்தது என்றால் நல்ல தண்ணீரில் கழுவல். உப்பும் மணலும் குழாய்களுக்கிடையே நின்றால் அடுத்த முறை சிக்கும். எண்ணெய் போடமாட்டார், எண்ணெயில் தூசி ஒட்டும். காய்ந்த துணியால் ஒவ்வொரு குழாயாகத் துடைத்து, விரலை ஓட்டிப் பள்ளம் தேடுவார். குழாயில் ஒரு சின்ன நெளிவு இருந்தால், அடுத்த காற்றில் மடிவது அந்த இடத்தில்தான். நெளிந்த குழாயைத் தட்டி நிமிர்த்தி விற்க வருபவர்களும் உண்டு. பழைய மாஸ்ட் வாங்குகிறவர்களுக்கு அவர் சொல்லும் சோதனை, ஒவ்வொரு குழாயையும் சமதரையில் உருட்டிப் பார்ப்பது. நேராக உருண்டால் பேரம் பேசலாம்.

கயிறுகளையும் அன்றே பார்த்துவிடுவார். முடிச்சு போட்ட இடத்தில் இழை பிசிறியிருந்தாலோ, முளையில் உரசிய இடம் வெளுத்திருந்தாலோ கழித்துவிடுவார். கழித்த கயிற்றை மூலையில் போட்டால் யாராவது எடுத்து அடுத்த வேலைக்குக் கட்டிவிடுவார்கள் என்று, கத்திரிக்கோலால் இரண்டடித் துண்டுகளாக வெட்டித்தான் குப்பையில் போடுகிறார்.